ஐந்தாவது கியர் இடித்த வாரம்

டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் எங்கள் ஆபீஸ். எண்ணெய்க் கிணறுகளில் பம்ப் ஓட்டும் லாரிகளுக்கு கியர்பாக்ஸ் டிசைன் செய்தோம். டீம் என்றால் இரண்டே பேர். கியர், ஷாஃப்ட் என் பொறுப்பு. வெளிக்கூடும் கியர் மாற்றும் ஃபோர்க்குகளும் செல்வத்துடையவை. செல்வம் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட மிகவும் இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். மனைவி கவிதா, ஒரு மகள். மேனேஜர் ரமேஷ் சென்னைக்காரர்.

வியாழக்கிழமை கஸ்டமர் ரிவ்யூ. செவ்வாய் காலையில் செல்வம் என் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க. அஞ்சாவது கியர்ல இடிக்குதுங்க."

நியூட்ரலில் வைத்து பாகங்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று நாங்கள் ஓட்டிய இன்டர்ஃபியரன்ஸ் செக்கில் எதுவும் இடிக்கவில்லை. அன்று அவர் கம்ப்யூட்டர் மாடலில் ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஐந்துக்கு நகரும்போது ஃபோர்க்கின் கை, கூட்டின் உள்சுவரில் துருத்திக்கொண்டிருந்த ரிப்பில் போய் முட்டியது. திரையில் அந்த இடம் மட்டும் சிவப்பு. கூடு வலுவாக இருக்கட்டும் என்று பிறகு சேர்த்த ரிப் அது. அதைத் தள்ளி வைத்ததும், அதை ஆதாரமாக வைத்து வரைந்திருந்த ஆயில் துளைகளும் போல்ட் ஓட்டைகளும் வரிசையாக எரர் காட்டின. இரண்டு நாளும் அவர் அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ரிவ்யூ

வியாழனன்று கஸ்டமர் வரவில்லை. ரமேஷ் மட்டும் வந்து கதவைச் சாத்தினார்.

"ரிவ்யூ கேன்சல். அவங்க எலக்ட்ரிக் டிரைவுக்குப் போறாங்க. மல்டி ஸ்பீடு கியர்பாக்ஸே வேணாமாம்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "ஒருத்தரத்தான் வெச்சுக்க முடியும். செல்வம், சாரி. நாளைக்குதான் லாஸ்ட் டே."

"என்னோட கிரீன் கார்டு அப்ளிகேஷன் என்னாகுங்க சார்?"

"வித்ட்ரா பண்ணிடுவாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னை அனுப்புங்க ரமேஷ். என் பையன் செட்டில் ஆயிட்டான். இவரு பொண்ணு இப்பதான் செகண்ட் கிரேடு."

"கேட்டுப் பாத்துட்டேன். உங்களுக்கு கார்டு இருக்கு. இவர வெச்சா லாயர், பேப்பர்வொர்க்னு எல்லாம் கம்பெனிதான் பண்ணணும். மேல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க."

செல்வம் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை

மறுநாள் வழக்கம்போல வந்து அதே மாடலைத் திறந்தார்.

"யாருக்குப்பா இது இனிமே?"

"தெரியலீங்க அக்கா. கவிதாகிட்ட இன்னும் சொல்லல. வீட்ல போயி உக்காந்து என்ன சொல்றதுங்க? இத முடிச்சுட்டே போறனுங்க."

மதியத்துக்குள் முடித்தார். ஆறு கியரையும் போட்டுக் காட்டினார். எங்கும் சிவப்பு இல்லை. எச்.ஆர். பெண் வந்து லேப்டாப்பையும் பேட்ஜையும் வாங்கிக்கொண்டு போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவருடைய கார் கிளம்பவே இல்லை. கீழே போய்க் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"அக்கா, நீங்களும் வீட்டுக்கு வர்றீங்களா?"

போனேன். கதவைத் திறந்த கவிதா, வேலைநாளில் அந்த நேரத்தில் அவரையும் பின்னால் நின்ற என்னையும் பார்த்தாள். யாரும் வாய் திறக்கும் முன்பே முகம் மாறிவிட்டது. பள்ளி விட்டு வந்திருந்த மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"அப்பா! வொய் ஆர் யூ ஹோம் சோ எர்லி?"

செல்வம் அவளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வேலை போனால் விசா தரும் அறுபது நாள் கெடு முடியும்வரை செல்வம் வேலை தேடினார். இரண்டு கம்பெனிகள் இன்டர்வியூவில் பாராட்டின, விசா பேச்சு வந்ததும் பின்வாங்கின. குடும்பத்தோடு ஊர் திரும்பி, இப்போது ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் இருக்கிறார். ஆரம்பத்தில் போன் செய்வார். பிறகு அதுவும் குறைந்து நின்றுவிட்டது.

நான் அதே அறையில் தனியாக உட்கார்ந்து, எலக்ட்ரிக் டிரைவுக்கு ஒரே ஸ்பீடு கியர்பாக்ஸ் வரைந்து ரிட்டயர் ஆனேன்.

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர் பிள்ளைகள், "ஆன்ட்டி, எந்த சாஃப்ட்வேர் கத்துக்கலாம்?" என்று கேட்கிறார்கள். எதையும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் சேர்ந்த வாரமே, இந்த ப்ராஜெக்ட் யாருக்காக, அவர்கள் மனம் மாறினால் உங்கள் விசா பேப்பர் என்னாகும் என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. திறமை காப்பாற்றும் என்று நம்பினோம். எங்கள் இருவரில் திறமைசாலி செல்வம்தான். கார்டு இருந்தது எனக்கு.