'ஐ திங்க்' என்று சொன்னவள்

செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் எங்கள் வீடு. மாடி அறையை ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. ஆனாலும் அவர்கள் பேச்சில் பாதி எனக்குப் புரியும். அதில் பிடிக்காதது ஒன்றே ஒன்று. எதைக் கேட்டாலும் 'ஐ திங்க்' என்பார்கள். மழை வருமா என்றால் 'மேபி'. இப்போது மாடியில் இருக்கிற பெண் வந்த புதிதில் என் ரசத்தைக் குடித்துவிட்டு, "ஐ திங்க், உப்பு ஜாஸ்தி" என்றாள். நாக்கில் பட்ட பிறகு என்ன திங்க்?

எங்கள் தெருவில் அப்படிக் கிடையாது. ஒருத்தர் வந்து கேட்டால், தெரியாது என்று சொல்லி அனுப்புவது மரியாதை இல்லை. கையை நீட்டி ஒரு பக்கம் காட்டிவிடுவோம்.

என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துக் கொஞ்ச காலமாகிறது. அன்று காலையில் நான் பால் வாங்கி வருவதற்குள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

நான் கத்தியதைக் கேட்டு மாடிப் பெண் இறங்கி வந்தாள். "அம்மா, ஐ திங்க்... அப்பா, மலை சைடு. மேபி. நாட் ஷ்யூர்." மேலேயிருந்து ஒரு முதுகைப் பார்த்தாளாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பார்த்தியா, பார்க்கலியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு!"

"நாட் ஷ்யூர், அம்மா."

இவளோடு நிற்க நேரமில்லை என்று தெருமுனைக்கு ஓடினேன். பூக்காரி தொடுப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "பெரியவரா? பஸ் ஸ்டாண்டு பக்கமா போனாரு பெரிம்மா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

ஆட்டோ பிடித்துப் போனேன். அங்கே டீக்கடைக்காரர், "வெள்ளை வேட்டிதானே? வேங்கிக்கால் பஸ்ல ஏத்திவுட்டதே நான்தாம்மா" என்றார். இந்த ஊரில் வெள்ளை வேட்டி கட்டாத கிழவர் யார்? அது அப்போது தோன்றவில்லை. வேங்கிக்கால் போனேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருந்த காவலாளி, "இப்பத்தான் உள்ள போனாரு, ஓடுங்க" என்றார். உள்ளே மனு கொடுக்க வந்தவர்கள் கூட்டம். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒன்றும் அவருடையது இல்லை.

வெயில் ஏறிவிட்டது. தார் ரோட்டில் வெறுங்கால். லாரி வந்தால் ஒதுங்கத் தெரியுமா? தண்ணீர் கேட்டுக் குடிப்பாரா? சென்னையில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். இதோ கிளம்புகிறேன் என்றான். கலெக்டர் ஆபீஸ் மதில் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. காவலாளி, ஆள் எப்படி இருப்பார் என்றுகூட என்னைக் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். மாடிப் பெண் தண்ணீர் பாட்டிலும் அவருடைய செருப்புமாக வாசலில் நின்றிருந்தாள்.

"எந்தப் பக்கம்? மேபியே சொல்லும்மா, போதும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணை மூடி யோசித்தாள். பச்சைப் பெயின்ட் வீடு, அதைத் தாண்டி இடது பக்கம், ஐ திங்க். ஒரு மாடு நின்றது, ஐ திங்க். அந்தப் பக்கமே நடந்தோம். வீடுகள் முடிந்து மலையடிவாரத்து முள்வேலி வரும் இடத்தில், ஒரு வேப்பமர நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். பாதம் கொப்புளமாகியிருந்தது. பாட்டிலைக் கொடுத்ததும் மூச்சு விடாமல் குடித்தார்.

"நான் யாருன்னு தெரியுதாங்க?"

வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். "எங்கியோ பார்த்தாப்புல இருக்குது. யாரு வூடும்மா நீ?"

"உங்க வூடுதாங்க."

மறுபடியும் பார்த்தார். "அப்படித்தான் போல" என்று கையை நீட்டினார். இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் குனிந்து அவர் காலில் செருப்பை மாட்டினாள்.