நாற்காலிக்காரரின் ஈறு

ஊரில் உள்ள பல் ஆஸ்பத்திரிகளில் அவரை ‘நாற்காலிக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளி படுக்கும் நாற்காலி மேலே ஏற மறுத்தாலும், எச்சில் உறிஞ்சும் குழாய் மக்கர் செய்தாலும் ஆள் வந்துவிடுவார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். பத்துப் பன்னிரண்டு பல் டாக்டர்களுக்கு அவருடைய போன் நம்பர் மனப்பாடம். அவருடைய பல்லைத்தான் ஒருவரும் பார்த்ததில்லை. காட்டினால்தானே!

பல் தேய்த்தால் நுரையில் ரத்தம் வரும். அதற்கு அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்: சிவப்பு நிறப் பற்பசைக்கு மாறினார். ரத்தம் கண்ணில் படுவது நின்றது. மனசுக்கும் குணமான மாதிரி இருந்தது.

மனைவிதான் விடவில்லை. “வாய் நாறுதுங்க. யார்கிட்டயாவது காட்டக் கூடாதா?”

“நாள் பூரா டாக்டருங்களோடதானே இருக்கேன்? ஏதாவது இருந்தா அவங்களே சொல்ல மாட்டாங்களா?”

“முகமூடி போட்டவங்களுக்கு எப்படிங்க நாறும்?”

அவர் செய்தித்தாளை விரித்து அதற்குள் போய்விட்டார்.

ஒருநாள் ஒரு டாக்டரம்மாவின் அறையில் விளக்கு மாற்றினார். நோயாளி யாரும் இல்லாததால் நாற்காலியில் தானே சாய்ந்து, “வெளிச்சம் சரியா விழுதா பாருங்க டாக்டர்” என்று வாயைத் திறந்தார். வெளிச்சம் மிகச் சரியாக விழுந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார். பிறகு கையுறையை எடுத்து மாட்டினார்.

“மூடாதீங்க.”

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பியை விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. கீழ்ப்பல் ஒன்று விரல் பட்டதுமே தலையாட்டியது. எக்ஸ்ரே எடுத்தார்கள்.

“பல்லுல சொத்தையே இல்ல. அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கிற எலும்புதான் கரைஞ்சுபோச்சு. நட்டு கழண்டா நாற்காலி என்ன ஆகும்?”

“ஆடும்.”

“அதான் ஆடுது. வேர்ல படிஞ்ச காரையைச் சுரண்டி எடுத்துட்டு, உள்ள இருக்கிற கிருமியையும் கெட்ட சதையையும் லேசர்ல சுத்தம் பண்ணலாம். ஆனா லேசர் எலும்பை வளர்க்காது. பள்ளம் விழுந்த இடத்துல எலும்புத்தூள் வெச்சுத் தைக்கணும்.”

“யாரோட எலும்பு டாக்டர்?”

“மாட்டோடது. நல்லா சுத்திகரிச்சு வர்றது. பயப்படாதீங்க.”

வீட்டில் செய்தியைச் சொன்னபோது மனைவி சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள். “நல்லதுதான். இனிமே அசை போட்டாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

சிகிச்சை அன்று கீழுதடு மரத்துப்போய், கழுத்தில் துண்டோடு படுத்திருந்தார். காரையைச் சுரண்டி முடித்து, டாக்டரம்மா லேசரின் கால் மிதியை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். இயந்திரம் ஒருமுறை ‘கீங்’ என்றது, அவ்வளவுதான்.

“போன வாரம்தானே இதை சர்வீஸ் பண்ணாங்க! யார் பண்ணது?” என்று நர்சிடம் கேட்டார்.

நாற்காலிக்காரர் மெல்ல ஒரு கையைத் தூக்கினார்.

எழுந்து உட்கார்ந்து, வாயில் பஞ்சோடு, தரையில் மண்டியிட்டு மிதியின் வயரைப் பார்த்தார். முனையைச் செருகியிருந்தாரே தவிர, திருகியிருக்கவில்லை. திருகினார். “இஃபோ பாழுங்க” என்றார். வேலை செய்தது. போய்ப் படுத்துக்கொண்டார். அன்று அவருக்கு வலியைவிட வெட்கம்தான் அதிகம்.

எலும்புத்தூள் வைத்து, மேலே மெல்லிய சவ்வால் மூடி, ஈறைத் தைத்தார்கள். சில நாள் கூழும் கஞ்சியுமாகப் போனது. மாதக்கணக்கில் போய்ப் போய்க் காட்டியதில், ஆடிய நான்கு பற்களில் மூன்று நிலைத்தன. ஒன்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று. “ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா அதுவும் நின்னிருக்கும்” என்றார் டாக்டரம்மா. ஒரு வருடம் முன்பு அவர் அதே அறையில்தான், அதே நாற்காலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஆள் மாறிப்போனார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் ஒரு கேள்வி. கடைசியாக அதை டாக்டரம்மாவிடமே கேட்டார்:

“டாக்டர், நீங்க கடைசியா எப்போ உங்க பல்லை யார்கிட்டயாவது காட்டினீங்க?”

டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி யோசித்தார். “ஆறு வருஷம் இருக்கும். நாள் பூரா இங்கதானே இருக்கேன், நேரம் எங்க?”

அன்று நாற்காலிக்காரர் வேலையை முடித்தும் கிளம்பவில்லை. பக்கத்துத் தெரு டாக்டரின் நம்பரை அழுத்தி, போனை டாக்டரம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நின்றார்.