கோவக்காரன் ஸ்பிரிங்

கம்ப்யூட்டர் துறையில் வருஷத்துக்கு ஒரு புதுச் சொல் வரும். அந்தச் சொல்லை மீட்டிங்கில் நாலு தடவை சொல்லாதவர் அந்த வருஷத்து முட்டாள். நான் அந்த முட்டாள் பட்டத்தைப் பலமுறை வாங்கியிருக்கிறேன். முதலில் ஒய்-டூ-கே என்று பயமுறுத்தினார்கள். ரெண்டாயிரம் பிறந்ததும் மெஷினெல்லாம் நின்றுவிடுமாம். நாங்கள் ஆறு பேர், ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து தேதிக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் திருத்தினோம். ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் முதல் ஷிஃப்ட் சங்கு எப்போதும் போல ஊதியது, ஒன்றும் ஆகவில்லை. "ஒண்ணுமே ஆகல, இதுக்கா இவ்ளோ செலவு பண்ணீங்க?" என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டதுதான் எங்கள் வேலை என்பதை அவர்களுக்குப் புரியவைக்க நான் முயற்சி செய்யவில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

திருவொற்றியூரில் வால்வு செய்கிற கம்பெனி அது. ரசாயன ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் போகிற வால்வுகள். டேட்டா என்ட்ரி ஆபரேட்டராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்து, கம்ப்யூட்டர் பிரிவின் தலைவியாக ஆனேன். தண்டையார்பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தில் பிறந்தவள். ஹார்பரில் மூட்டை தூக்கியவரின் மகள். என் அறைக் கதவில் பதவிப் பெயரோடு பலகை மாட்டிய அன்று, வீட்டிலிருந்து எல்லோரையும் கூட்டிவந்து காட்டலாமா என்றுகூட யோசித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

அந்த ஊரில் கம்ப்யூட்டரை ஓட்டுவதே தனி வித்தை. கடல் காற்றில் உப்பு. ஆறு மாதத்தில் நெட்வொர்க் ஒயர்களின் முனை பச்சை பிடித்துவிடும். துடைத்துத் துடைத்து ஓட்டுவோம். அப்படி ஓட்டியதில் எனக்கு மிகவும் பிடித்தது, நானே எழுதிய ஸ்டோர்ஸ் புரோகிராம். ஆயிரக்கணக்கான உதிரிப் பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், ஒரு ஆங்கில விவரம். அதோடு நான் சேர்த்த மூன்றாவது கட்டம் ஒன்று உண்டு. அதில் அந்தப் பொருளை ஸ்டோர்ஸ் ஆட்கள் கூப்பிடும் பேர் இருக்கும், இங்கிலீஷ் எழுத்தில்.

ஸ்டோர்ஸில் பாதிப் பேர் கடலோரக் குப்பங்களிலிருந்து வந்தவர்கள், மீதிப் பேர் வியாசர்பாடி, புளியந்தோப்பு. யாரும் பொருளை நம்பர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். சின்ன ஊசிப் பின்னுக்கு நெத்திலி. வெள்ளை வட்டத் தகட்டுக்கு வவ்வா மீன். திருகும்போது கிறீச்சென்று கத்தும் ஒரு ஸ்பிண்டிலுக்கு மாமியா. இரண்டு ஸ்பிரிங்குகள் இருந்தன. ஒரே உயரம், ஒரே தடிமன், ஒரே நிறம். கையில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்று கடினமான கம்பி, அழுத்தினால் லேசில் மசியாது. அதன் பேர் கோவக்காரன். இன்னொன்று சாது. கவுன்ட்டரில் வந்து "பத்து கோவக்காரன்" என்று கேட்டால், பேரை அடித்ததும் திரையில் சரியான நம்பர் வந்து நிற்கும். வருஷக்கணக்கில் ஒரு தப்பு நடந்ததில்லை.

அப்புறம் ஈ.ஆர்.பி. வந்தது. கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி, சம்பளம் எல்லாம் ஒரே சாஃப்ட்வேருக்குள் போகவேண்டும். எங்கள் குழுமத்துக்கு மும்பையில் தலைமை அலுவலகம், முடிவெல்லாம் அங்கேதான். மாற்றித் தருவதற்கு வெளியிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். நல்ல சட்டை, நல்ல இங்கிலீஷ், ஆளுக்கொரு லேப்டாப். பழைய டேட்டாவைச் சுத்தம் செய்து தாருங்கள் என்றார்கள்.

கான்ஃபரன்ஸ் அறையில் என் ஸ்டோர்ஸ் பட்டியலைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். ஆலோசகர்களில் ஒருவர் மூன்றாவது கட்டத்தைப் படிக்க ஆரம்பித்தார். "நெத்... திலி? மா... மியா?" ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துப் படித்தார். மயிலாப்பூரிலிருந்து வந்த எங்கள் நிதிப் பிரிவுத் தலைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மெட்ராஸ் பாஷை!" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. ஆலோசகர் என்னைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

"ஜங்க், சார். எடுத்துடலாம்" என்றேன்.

நானும் சிரித்தேன். அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துவது. அந்தக் கட்டத்தை உருவாக்கியவள் நான். அந்தப் பாஷைதான் என் வீட்டுப் பாஷை. ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது, அது என்னுடையது என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று மட்டும்தான் தோன்றியது. அன்று சாயங்காலமே நானே உட்கார்ந்து அந்தக் கட்டத்தை அழித்தேன்.

ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் என்னோடு கார்ப்பரேஷன் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர். திருவொற்றியூர் குப்பத்துக்காரர், அண்ணன் தம்பிகளெல்லாம் கடலுக்குப் போக, இவர் மட்டும் கம்பெனிக்கு வந்தார். நாலு பேர் முன்னால் என்னை மேடம் என்பார், தனியாக இருந்தால் பள்ளிக்கூடத்து மாதிரியேதான். புதுத் திரையைப் பார்த்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தார்.

"இன்னாமே இது? பேர்லாம் எங்க பூட்ச்சி?"

"இனிமே நம்பர்தான். உலகம் பூரா அப்டித்தான்" என்றேன்.

"உலகம் நம்ம கவுன்ட்டருக்கு வராது. நம்ம ஆளுங்கதான் வருவான். ரெண்டு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி கீது, பாத்துக்கோ. பேஜாரா பூடும்."

"ட்ரெயினிங் குடுத்துருக்கோம் இல்ல? படிச்சுப் பாக்கச் சொல்லு" என்று எரிந்து விழுந்தேன். அவர் திரும்பிக் கவுன்ட்டருக்குப் போய்விட்டார்.

புது சிஸ்டம் ஓட ஆரம்பித்த இரண்டாவது வாரம் அது நடந்தது. பொருளின் விவரத்துக்குப் புது சாஃப்ட்வேரில் நாற்பது எழுத்துதான் இடம். இரண்டு ஸ்பிரிங்குக்கும் முதல் நாற்பது எழுத்து ஒன்றே. எது கடினம், எது மென்மை என்று சொல்லும் கடைசிப் பகுதி வெட்டுப்பட்டுவிட்டது. நம்பரில் கடைசி இலக்கம் மட்டும்தான் வித்தியாசம். கவுன்ட்டரில் இருந்தவர் வரிசையில் முதலில் வந்ததை எடுத்துக் கொடுத்தார். கோவக்காரன் போகவேண்டிய இடத்துக்குச் சாது போனது. வெளிநாட்டுக்குப் போகவேண்டிய சேஃப்டி வால்வுகள், டெஸ்டில் பாதி அழுத்தத்திலேயே திறந்துகொண்டன. டெஸ்டில் பிடித்தோமே என்று நிம்மதிப்படலாம். ஆனால் எல்லாவற்றையும் பிரித்து ஸ்பிரிங் மாற்றி முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது. எண்ணூர் சாலையில் ஹார்பர் லாரிகளின் வரிசையில் எங்கள் லாரிக்குப் பிடித்து வைத்த இடம் காலியாகக் கிடந்தது.

ஆலோசகர்கள் அறிக்கை எழுதினார்கள். கப்பல் தவறியதற்குக் காரணம், புதிய முறைக்கு ஸ்டோர்ஸ் ஆட்கள் காட்டிய எதிர்ப்பு. சூப்பர்வைசர் ஒத்துழைக்கவில்லை, ஆரம்பத்திலேயே நம்பர் வேண்டாம் என்று சொன்னவர். அவரைக் குஜராத்தில் இருக்கும் எங்கள் கிடங்குக்கு மாற்றிவிட்டு வேறு ஆளைப் போடலாம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவி என்று என் பேர் அச்சாகியிருந்தது. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். மும்பையிலிருந்து குழுமத்தின் தொழில்நுட்பத் தலைவர் வெள்ளிக்கிழமை காலை வருகிறார், அதற்குள் போட்டுவிட வேண்டும்.

சூப்பர்வைசரின் மனைவி காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்பவர். இரண்டு பெண்கள் பள்ளியில். குஜராத்துக்கு மாற்றல் என்றால் வேலையை விட்டுவிடு என்றுதான் அர்த்தம். அது எனக்கும் தெரியும், அறிக்கை எழுதியவர்களுக்கும் தெரியும்.

என் பக்கமும் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாமா என்று அந்த வருஷம்தான் மும்பையில் பேச ஆரம்பித்திருந்தார்கள். தப்பு எங்கள் பிரிவுடையது என்று ஒரு வரி எழுதினால் போதும், அவர்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. நானும் என் ஐந்து பேரும் தெருவில். வியாழக்கிழமை முழுக்க அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சொன்னால் ஆறு பேர், சொல்லாவிட்டால் ஒருவர் என்றுகூடக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் நின்றுகொண்டு வந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். வார்த்தைக்கு வார்த்தை எங்கள் வீட்டுப் பேச்சு. பஸ் முழுக்கக் கேட்கிறதே என்ற கவலையே அவர்களுக்கு இல்லை. நான் மட்டும் இத்தனை வருஷமாக ஆபீஸ் வாசலில் வாயைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தேன். திருவொற்றியூரில் இறங்கும்போது முடிவு செய்திருந்தேன்.

மீட்டிங்கில் தொழில்நுட்பத் தலைவர் நடுவில், ஆலோசகர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். சூப்பர்வைசரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே இருந்தார். என் கையெழுத்து ஏன் இல்லை என்று தலைவர் இங்கிலீஷில் கேட்டார்.

"இதில் எழுதியிருக்கும் காரணம் தப்பு, சார். அந்த இரண்டு ஸ்பிரிங்கையும் பிரித்துக் காட்டும் கட்டம் ஒன்று பழைய சிஸ்டத்தில் இருந்தது. அதை அழித்தது நான். அது இல்லாவிட்டால் குழப்பம் வரும் என்று முன்பே எச்சரித்தவர் இவர்" என்றேன்.

"ஏன் அழித்தீர்கள்?"

நாற்பது எழுத்து, டேட்டா சுத்தம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாயில் வந்துவிட்டது.

"வெட்கமாக இருந்தது, சார். அது எங்கள் பகுதிப் பேச்சு. இங்கே எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்."

நிதிப் பிரிவுத் தலைவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கட்டம் மீட்கக் கிடைக்குமா என்றார் தொழில்நுட்பத் தலைவர். பழைய சர்வரில் காப்பி இருக்கிறது, புது சாஃப்ட்வேரில் 'தேடும் சொல்' என்று ஒரு இடம் சும்மா கிடக்கிறது, ஒரே நாளில் ஏற்றிவிடலாம் என்றேன். ஏற்றுங்கள் என்றார். அறிக்கையில் மாற்றல் பற்றிய பத்தியைப் பேனாவால் குறுக்கே அடித்தார். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு கிடையாது என்பதையும் அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொன்னார். சரி சார் என்றேன். என் பிரிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, எங்களை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள் என்று. அதற்குப் பிறகு வருஷத்துக்கு வருஷம் ஓட்டல்களில் நடக்கும் மாநாடுகளில், மாற்றத்தை எதிர்க்கும் ஊழியர்களை எப்படிச் சமாளிப்பது என்று பேச்சு வரும்போதெல்லாம், நான் கையைத் தூக்கிச் சண்டைக்கு நின்றிருக்கிறேன். என் கேஸில் எதிர்த்தவர் சரி, மாற்றியவள் தப்பு.

சூப்பர்வைசர் அன்று என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் இல்லை. கட்டத்தை ஏற்றி முடித்த பிறகும் இல்லை. நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை; என்ன, வெட்கப்பட்டாயா என்று ஒரு தடவை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். நாலு நாள் கழித்து ஸ்டோர்ஸிலிருந்து போன் வந்தது. "மேடம் கொஞ்சம் கீய வரணும்." வைத்துவிட்டார்.

போனேன். கவுன்ட்டருக்குப் பின்னால் இருபது பேர் நின்றிருந்தார்கள். நடுவில் ஆணி அடித்த மரப்பெட்டி ஒன்று. புதுசாக வந்த பொருள், இன்னும் பிரிக்கவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சூப்பர்வைசர் கடப்பாரையை என் கையில் கொடுத்தார்.

"இங்க ஒரு சட்டம் கீது. பொட்டிய எவன் பிரிக்கிறானோ அவன்தான் பேரு வெக்கணும். இத்தினி வருசத்துல ஆபீஸ்காரன் எவனையும் பிரிக்க வுட்டதில்ல. நீ பிரி."

அத்தனை பேர் முன்னாலும் நீ என்றார்.

புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நெம்பினேன். ரெண்டாவது பலகையில் கை கீறியது, யாரும் உதவிக்கு வரவில்லை. வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு ரப்பர் டயாஃப்ரத்தை எடுத்தேன். வட்டமானது, ஓரமெல்லாம் மெலிசு, நடுவில் மட்டும் தடியாக உப்பியிருந்தது. அதன் இங்கிலீஷ் விவரம் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கினேன்.

"ஆப்பம்" என்றேன்.

அந்த இடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கீபோர்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "எய்துமே." எழுதினேன். வால்வு பூட்டும் அசெம்பிளி பிரிவிலிருந்து வந்து கவுன்ட்டரில் காத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "யக்கா, எனக்கு நாலு ஆப்பம்" என்றார். அடித்தேன். திரையில் சரியான நம்பர் வந்து நின்றது.