வேல்பாண்டி சொன்ன முதல் ‘முடியாது’

கைபேசியைக் காதில் வைத்ததுமே, எதிர்முனையில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே, “அதுக்கென்னண்ணே, செஞ்சிருவோம்” என்று சொல்லிவிடுவார் வேல்பாண்டி. ஒருமுறை அப்படிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, ஏதோ ஒரு காதுகுத்துக்குப் பந்தி பரிமாற வேண்டுமாம். யார் வீட்டில் என்று கேட்கக் கூச்சம். விசாரித்துக் கண்டுபிடித்துப் போய்ப் பரிமாறிவிட்டு வந்தார்.

சுருளிப்பட்டியில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல். ஐம்பத்திரண்டு வயது. முறுக்கிய மீசை, அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான். அவருடைய ஏணி ஒரு வீட்டில், கடப்பாரை ஒரு வீட்டில், பனிக்கு வாங்கிய கம்பளி இன்னொரு வீட்டில்.

போன வருடம் பந்தலில் சாம்பல்நோய் தலைகாட்டிய வாரம், மருந்தடிக்கிற மெஷின் கூடலூரில் மச்சான் கர்ணன் வீட்டில் இருந்தது. மனைவி செல்வராணியின் அண்ணன். “மச்சான் கேட்டாக, குடுத்தேன்” என்றார். திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. குலைகள் பந்தலிலேயே வெடித்து உதிர்ந்த பிறகுதான் மெஷின் வீடு திரும்பியது. செல்வராணி அழவில்லை. கம்பத்தில் ‘லைஃப் கோச்’ என்று பலகை மாட்டியிருந்த பெனாசிரிடம் புருஷனைக் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

“எங்க அண்ணன்கிட்டயாச்சும் முடியாதுன்னு சொல்ல வைங்க டீச்சர்.”

பெனாசிர் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேல்பாண்டி கையைக் கட்டிக்கொண்டு, “புத்தி சொல்லுங்க டீச்சர், கேட்டுக்கிறேன்” என்றார்.

“புத்தி டீக்கடையிலயே கிடைக்கும்ணே. இங்கன கேள்விதான். முடியாதுன்னு சொன்னா என்ன ஆயிரும்னு பயப்படுறீங்க?”

வேல்பாண்டி மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார், “நல்லவன்னு சொல்றத நிப்பாட்டிருவாகளோன்னு இருக்கு.”

அவரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் கண் கலங்கிவிட்டது.

பிறகு பெனாசிரே கர்ணனாக மாறி, “மாப்ள, மெஷினக் குடு” என்று அதட்டினார். “எடுத்துக்கிருங்க மச்சான்” என்றார் வேல்பாண்டி. நான்கு முறை அதட்டியும் அதே பதில். ‘முடியாது’ என்று தினம் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகும்படி வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினார். வேல்பாண்டி பந்தலுக்குள் நின்று கொடிகளிடம் சொன்னார். வேலியோரம் மேய்ந்த ஆட்டிடம் சொன்னார், அது நகரவில்லை. டீக்கடையில், “இன்னொரு வடை வைக்கவா?” என்றதற்கு, “முடியாது!” என்று கத்த, மாஸ்டர் கோபித்துக்கொண்டார். வீட்டில் செல்வராணி மோட்டாரைப் போடச் சொன்னபோதும் அதே பதில். “டீச்சர்கிட்ட கூட்டிட்டுப் போனவகிட்டயேவா?” என்று கரண்டியை ஓங்கினாள்.

இந்த வருடம் கொடிகளைக் கவாத்து வெட்டி முடித்து, வானம் மூடியிருந்த ஒரு காலையில் கர்ணன் லோடு ஆட்டோவோடு வந்து இறங்கினார். “மாப்ள, மெஷின ஏத்திக்கிறேன்” என்றபடியே கைவைத்தார். வேல்பாண்டி வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. வேறு வழி தெரியாமல் ஏறி மெஷின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எறங்கு மாப்ள.”

“மு... முடியாது மச்சான்.”

“என்னது?”

“நாளைக்கு நான் அடிக்கணும். செவ்வாக்கெழம வந்து எடுத்துக்கிருங்க. புதன் திரும்பி இங்கன இருக்கணும்.”

கர்ணன் தங்கச்சியைப் பார்த்தார். அவள் வானத்தில் மழை தேடிக்கொண்டிருந்தாள். ஆட்டோ வெறுமனே திரும்பியது.

உறவு முறிந்தது என்று நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை வேல்பாண்டிக்கு. ஆனால் மருந்தடித்துவிட்டார், பந்தல் தப்பியது. மூன்றாம் நாள் கர்ணனே போனில் கூப்பிட்டார்.

“என்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் முடியாதுன்னு சொன்னதில்ல மாப்ள. தூக்கமே வரல. தங்கச்சி சொன்ன அந்த டீச்சரு வீடு எங்கன இருக்கு?”

அடுத்த வாரம் வேல்பாண்டி பெனாசிரைப் பார்த்துவிட்டு மாடிப்படியில் இறங்க, கர்ணன் ஏறி வந்தார். ஒரே ஆள் போகிற அகலம். வேல்பாண்டியின் ஒரு கால் தானாகப் பின்படிக்குப் போனது. போன காலைத் திரும்ப எடுத்து முன்னால் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கர்ணன் ஒருமுறை செருமினார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார்.