மாய்தா மழுக்கிய பலகை

எங்கள் பொஹோர்யே மலைக்குப் பனிச்சறுக்குப் பலகை வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது படத்தைத்தான். நெருப்புக் கக்கும் ஓநாயோ மண்டையோடோ, அடிப்பக்கம் பளபளவென்று இருந்தால் போதும், மயங்கிவிடுவார்கள். பலகைக் கடை மாய்தாவிடம் இந்தக் கதையெல்லாம் நடக்காது. "படத்தை அப்புறம் பாக்கலாம். பூட்ஸைப் போட்டுக்கிட்டு இந்தக் காகிதத்து மேல நில்லுங்க" என்பாள். பூட்ஸைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பலகையின் நடு அகலத்தோடு ஒப்பிடுவாள். விரல் பக்கம் ரொம்பத் துருத்தினால், ஓநாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பலகை உள்ளே போய்விடும். உடம்பைச் சாய்த்துத் திரும்பும்போது பூட்ஸ் நுனி பனியில் இடித்தால் ஆள் பறக்க வேண்டியதுதான்.

சறுக்குபவர்களைக் கம்பியில் தொங்கவிட்டு மேலே ஏற்றும் லிஃப்டுக்குக் கீழே இருக்கும் அந்தக் கடையில் இருபத்தாறு குளிர்காலம் நின்றவள் அவள். அடுத்த கேள்வியும் எப்போதும் ஒன்றுதான். "குதிச்சு விளையாடணுமா, சீவின சரிவுல கோடு கிழிக்கணுமா? ரெண்டும் வேணும்னா ரெண்டும் உருப்படாது."

கோடு கிழிப்பதுதான் எங்கள் ஊர்ப் பெருமை. எந்திரம் சீவி வைத்த சரிவில் காலையில் முதல் லிஃப்டில் ஏறி, பலகையின் எஃகு விளிம்பில் மட்டுமே நின்று, கொஞ்சமும் வழுக்காமல் இறங்க வேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்தால் பென்சில் கோடு மாதிரி மெல்லிய தடம் இருக்க வேண்டும். அதற்கு விறைப்பான பலகை வேண்டும், பனியை நெடுக்கப் பிடிக்கிற நீளமான விளிம்பு வேண்டும், அந்த விளிம்பு கூராகவும் இருக்க வேண்டும். விளிம்பு தீட்டுவதில் மாய்தாவை மிஞ்ச மலையில் ஆள் கிடையாது. தீட்டி முடித்ததும் கட்டைவிரல் நகத்தை விளிம்பில் இழுப்பாள். நகம் வெள்ளைத் தூளாக உதிர்ந்தால்தான் பலகையைக் கையில் கொடுப்பாள்.

இப்படிப்பட்டவள் தன் புருஷனுக்குச் செய்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

இஸ்தோக் மரம் ஏற்றும் லாரி ஓட்டுபவன். கீழே ஸ்ரெச்சே கிராமத்துக்காரன். ஆறடி உயரம், நாற்பத்தாறாம் நம்பர் பூட்ஸ், வெள்ளை மனசு. முப்பத்தாறு வயது வரைக்கும் பலகையைத் தொட்டதே இல்லை. கல்யாணமான முதல் குளிர்காலத்தில் கடைக்குள் வந்து, வாடிக்கையாளன் மாதிரி காகிதத்தின் மேல் ஏறி நின்றுகொண்டான்.

"அளந்துக்கோ. உன்கூடவே காலையில கோடு கிழிக்கணும்" என்றான்.

"இந்தக் காலுக்குப் பலகை வேணாம், கதவுதான் வேணும்" என்று மாய்தா சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே அளந்தாள். அவனுக்கேற்ற பலகை சுவரில் இருந்தது. நீளம், அகலம், விறைப்பு எல்லாமே அவனுக்காகவே செய்தது மாதிரி. அதை எடுக்கக் கை நீட்டியவளுக்கு ஆலேஷின் ஞாபகம் வந்துவிட்டது.

ஆலேஷ் அவள் தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு பலகையை அவளே பார்த்துத் தேர்ந்தெடுத்து, அவளே தீட்டிக் கொடுத்தாள். வேகத்தில் அவன் கண் மண் தெரியாமல் போய், பனி தூவும் எந்திரத்தின் கம்பத்தில் மோதினான். இடுப்பில் இரும்பு வைத்தார்கள். இப்போது மாரிபோர் நகரத்தில் தடி ஊன்றி நடக்கிறான். "பலகை மேல பழியைப் போடாதக்கா, நான்தான் திமிர்ல போனேன்" என்று அவனே பத்து தடவை சொல்லிவிட்டான். அவள் மனசு கேட்டால்தானே.

நீட்டிய கை பக்கத்திலிருந்த பலகையை எடுத்தது. தொட்டால் வளையும், இரண்டு முனையும் கரண்டி மாதிரி மேலே தூக்கியிருக்கும், சின்னப் பையன்கள் குதித்து விளையாடும் பலகை. கெட்டிப்பனியில் வேகம் கூடினால் அது பிடிக்காது, வழுக்கிவிடும். வேகமாகப் போக முடியாது என்றால் மோதவும் முடியாது என்று கணக்குப் போட்டாள். "கோடு கிழிக்க இதுதான் சரி" என்று பச்சையாகப் பொய் சொன்னாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டான். பெண்டாட்டியை நம்பாமல் வேறு யாரை நம்புவான்?

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் இஸ்தோக் பலகையைத் தீட்டக் கொண்டுவந்து தருவான். ஊரார் பலகைக்கெல்லாம் அரம் பிடிப்பவள், அவன் பலகைக்கு மட்டும் ரப்பர்க் கல்லை எடுத்து, விளிம்பை முனையிலிருந்து முனைவரை மழுக்குவாள். அவன் எதிரில் உட்கார்ந்து ரம் ஊற்றிய தேநீர் குடித்தபடி, "என் பலகைக்கு மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கறே" என்று பூரித்துப் போவான். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. ஆனாலும் கல் நிற்காது.

பதினோரு குளிர்காலம் இப்படி ஓடியது.

அவன் இறங்கினால் கோடு விழாது. பலகை பக்கவாட்டில் வழுக்கி, சரிவையே பெருக்கிக்கொண்டு வரும். லிஃப்ட் ஓட்டும் லோய்சே அவனுக்கு 'விளக்குமாறு' என்று பேர் வைத்தார். "டேய், விளக்குமாறு வருதுடா, குப்பையெல்லாம் ஓரமா ஒதுங்குங்க" என்று மேலிருந்து குரல் வரும். இஸ்தோக்கும் சேர்ந்து சிரிப்பான். சிரித்துவிட்டு, வீட்டில் கண்ணாடி முன்னால் முட்டியை மடக்கி மடக்கிப் பழகுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் மாய்தா சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள், பிறகு சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டு மென்று விழுங்கிவிடுவாள்.

பதினோராம் வருஷம் மார்ச்சில் ஒரு நாள், முட்டைக்கோஸ் சூப்பைக் கலக்கிக்கொண்டே அவன் சொன்னான்: "மாய்தா, இதோட போதும்னு பாக்கறேன். எனக்கு இது வரல. சில பேருக்கு உடம்புலேயே கிடையாது போல. நீ பாவம், எவ்வளவு தீட்டிக் கொடுத்தே."

அவளுக்கு முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது. இனி பயமில்லை, பொய்யும் வேண்டாம். அந்த நிம்மதி வந்ததற்காகத்தான் பின்னாளில் அவள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

"கடைசி ஞாயிறு மட்டும் வந்துட்டு, அப்புறம் பலகையை யாருக்காவது கொடுத்துடறேன்" என்றான்.

கடைசி ஞாயிறு என்றால் மாற்றுப் பந்தயம். லிஃப்ட் மூடும் நாளில், மலையில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் பேரைச் சீட்டில் எழுதித் தொப்பியில் போடுவோம். யார் பேர் வருகிறதோ அவர் பலகையில் நீங்கள் இறங்க வேண்டும், உங்கள் பலகையில் அவர் இறங்க வேண்டும். விழுந்து புரளுவதைப் பார்க்கத்தான் கூட்டமே கூடும். மாய்தா ஒவ்வொரு வருஷமும் ஏதாவது சாக்குச் சொல்லி இஸ்தோக்கின் பேரைப் போடவிடாமல் தடுத்துவிடுவாள். இந்த வருஷம் அவள் கடையைப் பூட்டிவிட்டு வருவதற்குள் அவனே போட்டுவிட்டான்.

சீட்டில் வந்தது லோய்சேயின் பேர். அதே உயரம், அதே நாற்பத்தாறு. பலகையோ நீளமானது, அகலமானது, இரும்பாட்டம் விறைத்தது. அதைத் தீட்டியதும் மாய்தாதான், வியாழக்கிழமை.

"இது என்னண்ணே, ஏணியா?" என்றான் இஸ்தோக்.

"ஏறிப் பாருடா விளக்குமாறு. பெருக்காம ஒரு தடவையாவது வா" என்றார் லோய்சே.

மாய்தா கீழே பந்தய எல்லைக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். மேலே அவன் கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டம் கப்சிப்பென்று ஆனபோது கண்ணைத் திறந்தாள். அவன் விழவில்லை. சரிவில் சாய்ந்து வந்துகொண்டிருந்தான், ஒரு கை பனியைத் தடவியபடி. வேகமாகக்கூட வரவில்லை. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வளைவையும் முழுசாக முடித்து, அடுத்ததற்குச் சாய்ந்தான். பின்னால் மேலிருந்து கீழ்வரை ஒற்றைக் கோடு. பதினோரு வருஷம் கண்ணாடி முன்னால் பழகியது அத்தனையும் அந்த உடம்பில் பத்திரமாக இருந்தது.

அவன் நின்று, திரும்பி, தன் தடத்தையே பார்த்தான். வேறு யாரோ போட்ட கோடோ என்று சந்தேகப்படுவது போலிருந்தது.

அடுத்து லோய்சே அவன் பலகையில் இறங்கினார். நாற்பது வருஷம் சறுக்கிய மனிதர் மூன்று இடத்தில் விழுந்தார். நான்காவது தடவை எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்தபடியே வழுக்கி வந்து சேர்ந்தார். பனியைத் தட்டிவிட்டு, விளிம்பில் நகத்தை இழுத்துப் பார்த்தார்.

"இது என்னடா, வெண்ணெய் தடவற கத்தியா? யாரு இதைத் தீட்ட..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். யார் தீட்டுகிறார்கள் என்பது மலைக்கே தெரியும்.

கடைக்குத் திரும்பியதும் இஸ்தோக் பலகையை மேஜைமேல் வைத்தான். கட்டைவிரல் நகத்தை விளிம்பில் மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தான். ஒரு தூள் உதிரவில்லை.

"ஏன் மாய்தா?"

எல்லாவற்றையும் சொன்னாள். ஆலேஷ், கம்பம், ரப்பர்க் கல், ஒன்று விடவில்லை. சொல்லும்போது அழவில்லை, அழும் யோக்கியதை தனக்கு இல்லை என்று அவளுக்கே பட்டது. அவன் கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றான். "உனக்காக மெதுவா போயிருப்பேன். நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்னு பதினோரு வருஷம் நம்ப விட்டுட்டியே."

அடுத்த குளிர்காலம் அவள், அன்று சுவரிலேயே விட்டுவிட்ட அந்த விறைப்பான பலகையைப் போலவே ஒன்றை வரவழைத்து, சொந்தக் காசில் வாங்கிக் கொடுத்தாள். அவன் மறுக்கவில்லை. நன்றி சொல்லித்தான் வாங்கிக்கொண்டான். சனிக்கிழமை காலையில் இருவரும் ஒரே லிஃப்டில்தான் ஏறுகிறார்கள். லோய்சே இப்போது அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். வேடிக்கை பார்ப்பவர்கள் நின்று பார்க்கும் அளவுக்கு அவன் கோடு அழகு. அவன் வேகமாகவும் போவதில்லை. ஆலேஷ் மோதிய கம்பம் இருக்கும் வளைவில், அவள் சொல்லாமலேயே, இன்னும் மெதுவாகப் போகிறான்.

ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் பலகை கடைக்கு வருவதில்லை. வீட்டு நிலவறையில் அவனே தீட்டுகிறான். லாரி ஓட்டிய கை, அரம் சாய்வாகப் போகிறது. மேலே அடுப்படியில் நிற்கும் மாய்தாவுக்கு அந்தச் சத்தத்திலேயே கோணம் தப்பு என்று தெரியும். ஒரே ஒரு தடவை கீழே இறங்கிப் போய், "குடு, நான் பாத்துத் தரேன்" என்று கை நீட்டினாள்.

"இருக்கட்டும் மாய்தா," என்றான் அவன், கோபமே இல்லாமல். "நானே பாத்துக்கறேன்."

அவள் படியேறி வந்து, இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றி, ரம் கலந்து, அவன் தீட்டி முடிக்கும்வரை மேலேயே காத்திருந்தாள்.