டிஷ்ஷுக்குக் கழித்த திருஷ்டி

எங்கள் இறப்பர் தோட்டத்தில் புதுச் சாமான் எது வந்தாலும் முதலில் சந்தனம், குங்குமம். அதற்குப் பிறகுதான் பாவனைக்கு எடுப்போம். பால் வெட்டுகிற கத்திக்கு வைக்கிறோம். இறப்பர் பால் வடிகிற சிரட்டைக்கு வைக்கிறோம். மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் வாங்கிய முச்சக்கரவண்டிக்கு வைத்த வைப்பில் முன்கண்ணாடி பூராவும் மஞ்சளாகி, மனிதர் கொடகவெல டவுன் வரைக்கும் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டிப் போனார். ஆனாலும் அந்த வண்டியில் இன்றுவரை ஒரு கீறல் விழவில்லை. அதனால் எங்கள் வீட்டுக் கூரையில் எச்.டி. டிஷ் ஏறியபோது நான் செய்ததில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. சொன்னார்கள். அது வேறு கதை.

டிவித் திரையின் அடியில் ஒரு வரி ஓட ஆரம்பித்ததில்தான் எல்லாம் தொடங்கியது. பழைய பெட்டியில் இனிப் படம் வராது, எச்.டி.க்கு மாறுங்கள் என்று அந்த வரி சொன்னது. அது ஓடும்போதெல்லாம் என் வீட்டுக்காரி அதைப் பார்க்கமாட்டாள், என்னைத்தான் பார்ப்பாள். நாடகம் போனால் அவளுக்குக் கவலையில்லை. ஐப்பசியில் கந்த சஷ்டி விரதம் பிடித்து, ஆறாம் நாள் மாலை திருச்செந்தூர்ச் சூரசம்காரத்தை டிவியில் பார்த்து, வேல் போய் விழுகிற நேரம் சூடம் கொளுத்தி, அப்புறம்தான் அவள் விரதம் முடிப்பாள். படம் இல்லையென்றால் விரதம் எப்படி முடியும்?

பக்கத்துக் காம்பரா வீட்டு அக்காவும் அப்படியேதான். வருசா வருசம் இரண்டு பேரும் சேர்ந்தே பட்டினி கிடந்து, சேர்ந்தே உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாத சுவர். இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் அக்கா தும்முவார். அவர் வீட்டுப் பழைய பெட்டி நின்றேபோய்விட்டது. அதோடு இந்த வருசம் அவருக்குக் கண்ணில் புரை எடுத்து, இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்திருந்தார்.

"இத்தன வருசமா முருகன் மூஞ்சி எனக்குப் புகை மாதிரிதான் தம்பி தெரிஞ்சிச்சு. இந்தத் தடவ கண்ணாரப் பாத்துறணும். பாத்துட்டா போதும்" என்று என்னிடம் சொன்னார்.

அங்கேதான் சிக்கல். அக்காவின் மனசில் கள்ளமே கிடையாது, ஆனால் கண் அப்படி. எங்கள் பூசணிக் கொடியைப் பார்த்து, "யம்மாடி, என்னா காய்!" என்றார், காய் வெம்பி விழுந்தது. கங்காணி வீட்டுச் சேவலைப் பார்த்து, "யம்மாடி, என்னா கொண்ட!" என்றார், அன்றைக்கே கீரி தூக்கிக்கொண்டு போனது. மங்கலாக இருக்கும்போதே அந்தக் கண் இத்தனை வேலை செய்தது. இப்போது ஆப்பரேசன் செய்து அதுவும் எச்.டி. ஆகிவிட்டது.

தீபாவளிக்கு முன்னால் கொடகவெலயில் டிவிக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா, புது டிஷ்ஷை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். துருப்பிடித்த பழைய தட்டைக் கழற்றினார். அது அப்போதே கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிட்டது. புதுசைத் தகரத்தின் மேல் நிறுத்தி, அவர் அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி, "வந்துச்சு! போச்சு! நானா, வந்துச்சு!" என்று கத்த, லயமே வாசலில் கூடிவிட்டது.

படம் வந்ததும் எல்லோரும் திரைக்குக் கிட்டப் போனோம். செய்தி வாசிக்கிற அம்மா பூசிய பவுடர் கழுத்தில் எந்த இடத்தோடு நிற்கிறது என்பது வரைக்கும் தெரிந்தது. அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு 'ஐயோ' என்றிருந்தது.

"யம்மாடி, என்னா தெளிவு! மூக்குத்தியில எத்தன கல்லுன்னு எண்ணிப்புடலாம் போல!"

நானா வண்டியை எடுத்ததுதான் தாமதம், நான் ஏணியில் ஏறிவிட்டேன். கையில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோர்த்த சரம். மனிதருக்குப் பொட்டு நெற்றியில். டிஷ்ஷுக்கு நெற்றி எது? தட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியின் நுனியில், தட்டைப் பார்த்தபடி வெள்ளையாய் ஒரு மூக்கு இருக்கிறதே, அதன் முகம்தான் என்று பட்டது. அதில் சந்தனத்தைக் கட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். சரத்தை அதன் கழுத்தில் மாலையாகப் போட்டேன். பழம் அந்த முகத்துக்கு நேரே அழகாகத் தொங்கியது. பார்ப்பவர் கண் முதலில் பழத்தில் படவேண்டும், அதுதான் முறை.

இறங்கி, கையைக் கழுவி, உள்ளே வந்து பார்த்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. செய்தி அம்மாவின் வாய் ஓரிடத்தில், மூக்குத்தி ஓரிடத்தில்.

"பாத்தியா, ஏறி எறங்குறதுக்குள்ள புடிச்சிருச்சு" என்றேன்.

"எது?"

"அக்கா கண்ணு."

"வாய மூடுங்க. செவுரு கேக்கும்."

அடுத்த நாள் இன்னும் இரண்டு பழம் கட்டினேன். படம் முன்னைவிட மோசமானது. கண் எவ்வளவு பொல்லாதது, பார்த்தீர்களா! அதனால் சாம்பல் பூசணியில் கண், மூக்கு, பல் எல்லாம் வரைந்து டிஷ்ஷின் தோளில் ஏற்றிவைத்தேன். வெள்ளிக்கிழமை புதுச் சந்தனம். பழைய சந்தனத்தை வழித்துப் போடலாமா? பாவம் இல்லையா? அதன்மேலேயே அப்பினேன். நானாவுக்குப் போன் போட்டால், கிரிக்கெட் மேட்ச் வருகிறது, ஊரெல்லாம் எச்.டி. மாட்டுகிறேன் என்றார். "மழ மேகமா ஈக்கும் அண்ணே. பெட்டிய ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிப் போட்டுப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

ஒருநாள் பின்னேரம் மலைப்பக்கமிருந்து நல்ல காற்று. அக்கா வந்து உட்கார்ந்திருக்கும்போதே படம் பளிச்சென்று வந்தது. காற்று நின்றதும் உடைந்தது.

"பாத்தீங்களா, அக்கா இருக்கும்போதே வந்துச்சே" என்றாள் என் வீட்டுக்காரி, அக்கா போனபிறகு.

"வந்துச்சு. அவங்க பாத்தாங்க. போச்சு."

"அவங்க தீபாவளிக்கு மக வீட்டுக்குப் போயிருந்தாங்களே, அப்பவும்தானே வரல?"

"கண்ணுக்குத் தூரம் ஏது?"

"ஒங்க கிட்ட பேசுறதுக்கு நான் கோழிக்கூட்டுக் கூரைகிட்டயே பேசலாம்."

சஷ்டி தொடங்கியது. இரண்டு பேரும் தினம் கோயிலுக்குப் போய் வந்தார்கள். அக்கா ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று, "படம் சரியாயிருச்சா தம்பி?" என்று கேட்டார். ஆறாம் நாள் காலையில், பால் வெட்டு முடிந்து வரும் வழியெல்லாம் முருகனை வேண்டிக்கொண்டே வந்து, ஒரு முடிவெடுத்தேன். இன்றைக்கு ஒருநாள் அக்கா பார்க்காமல் இருந்தால், என் வீட்டுக்காரியாவது பார்ப்பாள். இஸ்தோப்புத் திண்ணையில் நின்ற அக்காவிடம் போய், "அக்கா, டிவி சுத்தமா பழுது. இன்னைக்கு ஒண்ணும் வராது" என்றேன்.

அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். பின்னேரம் அவள் டிவியைப் போட்டுவிட்டு, வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டினாள். படம் உடைந்து கிடந்தது; நாதஸ்வரம் விட்டு விட்டுக் கேட்டது. சுவருக்கு மேலாக அக்காவின் குரல் வந்தது:

"ஏன் தம்பி, பழுதான டிவி மேளம் அடிக்குமா?"

என் வீட்டுக்காரி மெதுவாகச் சொன்னாள்: "ஆறு நாளா எங்கூட பட்டினி கெடக்குற மனுசி. அவங்க பாக்காத சாமிய நானும் பாக்கல." டிவியை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கமும் ஒருவர் சாய்ந்து உட்கார்கிற சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில்தான் மோட்டார் சைக்கிள் சத்தம். நானா. நான் கூப்பிடவில்லை.

"ஒங்க பக்கத்து வீட்டு அக்கா ராவு முழுக்க போன் அண்ணே" என்று ஹெல்மெட்டைக் கழற்றினார். "'முருகன் மூஞ்சிய நான் பாக்கல்லேன்னா அந்தப் பாவம் ஒனக்குத்தான்'ங்கிறாங்க. எனக்கு எதுக்கு அந்தப் பாவம்? ஏணி எங்க?"

ஏறினார். பிறகு கூரையிலிருந்து, லயத்துக்கே கேட்கும்படி, "அல்லாவே! அண்ணே, டிஷ் எங்க? எனக்கு எலுமிச்சந்தோட்டம்தான் தெரியுது!" என்றார்.

சனம் கூடிவிட்டது. நானா மேலிருந்தே விளக்கினார். "இந்த மூக்குதான் அண்ணே எல்லாத்தையும் புடிக்கிறது. அதுட மூஞ்சில சந்தனத்த அப்பி, முன்னுக்குப் பழத்தயும் தொங்கவுட்டா எப்பிடி அது பாக்கும்? காத்து அடிச்சிப் பழம் ஒதுங்கினா மட்டும் படம் வந்திருக்கும். வந்திச்சா இல்லயா?"

"வந்துச்சு! வந்துச்சு!" என்றாள் வீட்டுக்காரி, உள்ளேயிருந்து ஓடிவந்து. என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

பழத்தை அவர் பிய்க்கப் போனபோது நான் விடவில்லை. திருஷ்டிப் பழத்தை அப்படித் தூக்கியெறியக் கூடாது. நானே ஏறி, கும்பிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்தேன்.

"பொட்டு இல்லாம விடலாமா நானா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "சாமிக்கு முன்னுக்கு வைங்க. இதுக்கு முதுகுல வைங்க. எவ்ளோ வேணும்னாலும் வைங்க."

முதுகில் வைத்தேன். திருஷ்டி பொய் என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். வைத்த இடம்தான் பிசகு.

ஏணியிலிருந்து இறங்கியதும் வீட்டுக்காரி விரலை நீட்டி அடுத்த வாசலைக் காட்டினாள். போனேன். அக்கா அடுப்பைப் பார்த்தபடி இருந்தார்.

"அக்கா, வாங்க. படம் வந்திருச்சு."

"எதுக்கு தம்பி? என் கண்ணு பட்டு அந்தத் திருச்செந்தூர் கடலும் வத்திப்போனா?"

"தப்புதான் அக்கா. நீங்க வரலைன்னா அவ பாக்கமாட்டா. அவ பாக்கலைன்னா எனக்குச் சோறு கெடைக்காது."

"ஓ, சோத்துக்குத்தான் கூப்புடுறியா?" என்று எழுந்தார். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். "ஒன் டிவிக்குப் பாதுகாப்பா இருக்கட்டும்."

கண்ணாடியோடேயே உட்கார்ந்தார். திரையில் கடல் அலை அலையாக அடித்தது. மணல் தெரியாமல் சனம். சூரன் ஒவ்வொரு தலையாக மாற்றிக்கொண்டு வந்தான். வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது, ஆனால் இறங்கவில்லை. முருகன் வேலோடு முன்னால் வந்த நேரம் என் வீட்டுக்காரி சூடத்தைக் கொளுத்தினாள். அக்கா கண்ணாடியைக் கழற்றினார். வேல் போனது. சாமியின் முகம் திரை முழுக்க வந்தது, நெற்றிச் சந்தனம், கன்னம், சிரிப்பு எல்லாம்.

அக்காவின் வாய் மெல்லத் திறந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது.

"யம்மாடி! என்னா அழகு என் அப்பனுக்கு!"

என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. அவசரத்துக்கு என்று ஒரு பழம் வைத்திருந்தேன்.

படம் உடையவில்லை. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை, திரையை விட்டுப் பார்வையை எடுக்கவும் இல்லை. என் வீட்டுக்காரி மட்டும் என் சட்டைப் பையைப் பார்த்தாள். கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.

அதை அவள் இரண்டாக வெட்டி, சீனி போட்டுப் பிழிந்து, விரதம் முடிக்க அக்காவுக்குத்தான் முதல் கிளாஸைக் கொடுத்தாள். அக்கா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிளாஸைத் திருப்பிப் பார்த்து என்னிடம் கேட்டார்:

"நல்ல பழம் தம்பி. இன்னும் எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"