மாமி வாயில் குண்டூசி

இணுவிலில் தையல்காரி குணலட்சுமியிடம் பிள்ளையைக் கூட்டிவரும் தாய்மாருக்கு ஒரு வேலை உண்டு. அவள் அளவெடுத்து முடியும்வரை குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். ஊசிப்பெட்டி இல்லையா என்று கேட்காதீர்கள்; மேசையிலேயே கிடக்கிறது.

எல்லாம் மீனாம்பிகை மாமியால் வந்தது. எண்பத்து நாலில் இந்தக் குணம் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானதும், "ஈர்க்கில் மாதிரி நிக்கிறாள், தின்னக் குடுங்கோ" என்று தொடக்கிவைத்தவர் அவர்தான். விடிந்தால் பச்சை முட்டை, அதன்மேல் நல்லெண்ணெய், மத்தியானம் உழுத்தங்களி. மாமி மூக்கைப் பொத்த, குணம் விழுங்கினாள். சடங்குச் சட்டைக்கோ முட்டைக்கு முன்பே அளவு கொடுத்தாயிற்று! சடங்கு நாளான சாமத்தியவீட்டன்று சட்டையின் முதுகுக் கொழுக்கி ஒன்றும் கொழுவவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுக்க, ஒன்று தெறித்துக் குத்துவிளக்கடியில் விழுந்தது.

"என்ரை முருகா, உரல் மாதிரி ஊதிப்போனாள்! பலகாரத்தட்டை அங்காலை தள்ளுங்கோ," என்றார் அதே மாமி, அதே வாயால்.

தன் சடங்கில் ஒரு பயித்தம் பணியாரம்கூடத் தின்னாமல், மூச்சை இழுத்துப் பிடித்தபடி படம் எடுக்க நின்றாள் குணம். அதற்குப் பிறகு கோயில் வீதியிலும் பந்தியிலும் வயிற்றை எக்கியபடிதான் இருந்தாள். என்ன அநியாயம்!

தொண்ணூற்று மூன்றில், அதற்குள் தையல்காரியாகியிருந்த குணத்திடம் மாமி தன் மகள் சுபாசினியின் சடங்குச் சட்டைக்கு வந்தார். குணம் டேப்பைச் சுற்றியதும் பிள்ளை சட்டென்று வயிற்றை எக்கினாள். படத்துக்கு நின்ற தன்னையே குணம் அதில் கண்டாள்.

"இவளும் உன்னை மாதிரித்தான், வயிறு..." என்று மாமி தொடங்கினார்.

"மாமி, துணியை ரெண்டு கையாலும் பிடியுங்கோ. உந்த ஊசியளை வாயிலை வைச்சிருங்கோ."

நாலு ஊசி வைத்தாள். பிறகு இன்னும் நாலு. மாமியின் கண் உருண்டது, புருவம் ஏறி இறங்கியது, வந்த சத்தம் "ம்ம்ம்" மட்டுமே. சுபாசினிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றை எக்கிக்கொண்டு யாரால் சிரிக்க முடியும்? வயிறு பொம்மென்று முன்னே வந்தது. குணமும் குலுங்கத் தொடங்கினாள். இருவரும் மெசினைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"உப்பிடியே நில்லு! இதுதான் உன்ரை அளவு. பிறகு விரிக்க உள்ளுக்கும் துணி விடுறன், வடிவாச் சாப்பிடு," என்றாள் குணம்.

"ம்ம்ம்!" என்றார் மாமி.

சிரித்து ஓய்ந்து குனிந்தபோதுதான் குணம் தன் வயிற்றைப் பார்த்தாள். அதுவும் எக்காமல் தன்பாட்டில் இருந்தது. அன்று சடங்குப் படத்துக்குப் பிடித்த மூச்சை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.